அமாவாசைக் கூட்டம்

வரைபடத்தில் என் தெருவைப் பச்சை நிறத்தில் பார்த்த அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை. ஆகவே இதை நான் நிதானமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெருக்கள் முடிகிற இடத்தில் ஒரு சரிவு இருக்கிறது. சைக்கிளில் வந்தால் மிதிக்காமலே இறங்கிவிடலாம். இறங்கினால் எங்கள் காலனி. என் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் பட்டுப் புடவைகளுக்குக் குச்சு கட்டுகிறேன். தறியிலிருந்து அறுத்த புடவையின் முந்தானை ஓரத்தில் தொங்கும் நூல்களைச் சேர்த்து, முறுக்கி, முடிச்சுப் போடுகிற வேலை. மேல் தெருவில் தறி வைத்திருக்கும் ஒரு அக்காதான் அந்தத் தெருப் புடவைகளை எல்லாம் வாங்கிச் சேர்த்து எனக்குத் தருவார். ரொம்ப வருஷப் பழக்கம். நான்தான் மேலே ஏறிப் போவேன். அவர் கீழே இறங்கி வந்ததே இல்லை. அதை நாங்கள் இரண்டு பேருமே ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

வீட்டில் எங்களோடு அப்பாவும் இருக்கிறார். பக்கத்தில் கூரம் கிராமத்தில் தனியாக இருந்தவருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது; அழைத்து வந்துவிட்டேன். பேச்சு இருக்கிறது, நினைவு இருக்கிறது, எழுந்திருக்க மட்டும் முடியாது. எங்கள் தெருவில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வருவது புதிதல்ல. அதனால் அவர் கட்டிலின் நாலு காலுக்கும் செங்கல் அடுக்கி உயர்த்தி வைத்திருக்கிறேன். கட்டிலில் ஏற்றிப் படுக்க வைத்த முதல் நாள், "என்னடி, சாமிய ஊர்வலத்துக்குத் தூக்குற மாதிரி தூக்கி வெச்சிட்ட" என்றார்.

விஷயம் ஆனி மாதத்தில் ஆரம்பித்தது. அமாவாசைக்கு மறுநாள் குச்சுக்குப் புடவை வாங்க மேலே போனேன். அக்கா ஏக குஷியில் இருந்தார்.

"நேத்து கூட்டம் ஜோரா நடந்துச்சும்மா. தெருவே வந்துச்சு."

"இன்னா கூட்டம்க்கா?"

"இந்த வெயிலு, மழ, எல்லாம் தாறுமாறா ஆயிடுச்சில்ல. அதுக்கு ஊர ரெடி பண்றாங்களாம். நம்ம தெருவுக்குப் பெரிய கால்வா வருது. இனிமே தறிப்பள்ளத்துல தண்ணி நிக்காது."

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நெசவாளி தரைக்குள் பள்ளம் வெட்டி, அதில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து மிதிகளை மிதிப்பார். இப்போதெல்லாம் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கிற மழைக்கு முதலில் நிரம்புவது அந்தப் பள்ளம்தான். தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய பாவு நனைந்தால் பட்டு நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பல நாள் உழைப்பு வீணாகும். அந்தக் கஷ்டத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"மொதல்ல புதன்கிழமன்னாங்க. தறிய விட்டுட்டு எவன் வருவான்? நாங்கதான் சண்ட போட்டு அமாவாசைக்கு மாத்தினோம். ஊரே சும்மா இருக்கற நாளு அது ஒண்ணுதானே."

அமாவாசையன்று தறி ஓடாது. அது அவர்கள் வழக்கம். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு சத்தமும் இருக்காது. அந்த அமைதிக்குள் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அன்றைக்கு ஊரே லீவில் இருப்பதாகத்தான் தோன்றும். எங்கள் தெருவில் அது தலைகீழ். வெளியூர்க் கூட்டம் கோயில்களுக்கும் குளக்கரைக்கும் வந்து குவியும். ஆட்டோக்காரர்களுக்குச் சோறு தின்ன நேரம் இருக்காது. பூ விற்கிறவர்கள், அகத்திக்கீரைக் கட்டோடு கோயில் வாசலில் உட்காருகிறவர்கள், கூட்டம் போன பிறகு குப்பை அள்ளுகிறவர்கள், எல்லோரும் எங்கள் ஆட்கள். விடிவதற்குள் தெரு காலியாகிவிடும். அப்பாவும் அவரைப் போன்ற சிலரும்தான் வீட்டில் இருப்பார்கள்.

"அந்தத் தண்ணி எங்கக்கா போவும்?"

"கீழ ஏதோ காலி எடம் இருக்குதாமே. அங்க போயி நின்னு பூமில எறங்குமாம். நெலத்தடித் தண்ணிக்கு ரொம்ப நல்லதுன்னு சொன்னாங்க."

"கீழன்னா எங்க?"

புடவையை மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. "அதெல்லாம் படத்துல காட்னாங்கம்மா. நான் கண்ணாடி எடுத்துக்கினு போவல."

சரிவுக்குக் கீழே ஒரே ஒரு இடம்தான் உண்டு. அது அக்காவுக்கும் தெரியும். புடவைகளைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

மறுநாளே திட்டம் போட்ட அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தது ஒரு இளம் பெண் அதிகாரி. உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மரியாதையாக நடத்தினால் சண்டை போடுவது கஷ்டம். படத்தை விரித்தார். மேல் தெருக்கள் வீடு வீடாகத் தெரிந்தன. சரிவுக்குக் கீழே பச்சை. அதன்மேல் 'மழைநீர் உறிஞ்சும் பசுமைப் பகுதி' என்று எழுதியிருந்தது.

"இதுல எங்க வீடு எங்க மேடம்?"

அவர் குனிந்து பார்த்தார். "இங்க வீடுங்க இருக்கா? சாட்டிலைட் படத்துல மரமாத்தானே தெரியுது."

வெயில் தாங்காமல் வீட்டுக்கு வீடு வேம்பும் புங்கையும் வைத்து வளர்த்தோம். தகரக் கூரையின்மேல் நிழல் விழட்டும் என்று கிளையைக்கூட வெட்டாமல் விட்டோம். அந்த நிழலே எங்களை மறைத்துவிட்டது. "மரத்துக்குக் கீழ நாங்க இருக்கோம் மேடம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"கூட்டத்துல நீங்க சொல்லியிருக்கலாமே?"

"அன்னிக்கு அமாவாசை."

"அதனாலதான் அன்னிக்கு வெச்சோம். எல்லாருக்கும் சௌகரியமான நாள்னு கேட்டுக்கிட்டாங்க."

"எல்லாரும்னா யாரு மேடம்?"

"பப்ளிக்."

"அப்ப நாங்க?"

அவர் பேனாவை மூடி வைத்தார். கெட்டவர் இல்லை, அதை இப்போதும் சொல்வேன். மறுபடி ஒரு கூட்டம் போடலாம் என்றார். ஆனால் கால்வாயின் போக்கு மாறினால் மேல் தெருவுக்கு வேலை தள்ளிப்போகும், அதனால் அவர்களும் சேர்ந்து கேட்க வேண்டும் என்றார். அடுத்த அமாவாசை எப்போது என்று நாள்காட்டியைப் புரட்ட ஆரம்பித்தார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "சண்டே காலைல?" என்றார். "பாதித் தெரு சர்ச்சுல இருக்கும் மேடம்" என்றேன். கடைசியில், எங்கள் தெருவிலேயே, ஏதாவது ஒரு வார நாளில், விளக்கு வைத்த பிறகு என்று ஒப்புக்கொண்டார். மேல் தெரு சம்மதித்தால்.

அக்காவிடம் கேட்டேன். "தெருவுல பேசிட்டுச் சொல்றேம்மா" என்றார். அடுத்த தடவை கேட்டபோது, ஊரில் இல்லாத ஒருவர் வந்த பிறகு சொல்கிறேன் என்றார். அதற்கடுத்து நான் கேட்கவில்லை. கேட்டால் குச்சு வேலை நின்றுவிடுமோ என்கிற பயம். பயந்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அந்த வேலையில்தான் அப்பாவுக்கு மருந்து வாங்குகிறேன்.

ஆவணியில் மேல் தெருவில் பள்ளம் தோண்டினார்கள். கான்கிரீட் கால்வாய் மளமளவென்று நீண்டு, சரிவின் தலைக்கு வந்து நின்றது. மிச்ச வேலை மழைக்குப் பிறகு என்று சொல்லிவிட்டு, கால்வாயின் வாயை மண்ணும் மணல் மூட்டைகளும் போட்டு அடைத்துவிட்டு ஒப்பந்தக்காரர் போய்விட்டார். அந்த அடைப்புக்குக் கீழே முதல் வரிசையில் நாலாவது வீடு எங்களுடையது. தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் அதை அண்ணாந்து பார்ப்பேன். ராத்திரி அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது அந்த மூட்டைகள்தான் நினைவுக்கு வரும்.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் வானம் இடிந்து விழுந்தது. கட்டி முடித்த ஒரு புடவையைக் கொடுக்க அப்போதுதான் மேலே போயிருந்தேன். அப்பாவைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். திரும்பலாம் என்று பார்த்தால் வாசலுக்கு வெளியே தெருவே தெரியவில்லை. மழை நிற்கட்டும் என்று காத்திருந்தபோதே, போக வழியில்லாத கால்வாய்த் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வீடுகளுக்குள் திரும்பியது. அக்கா வீட்டுத் தறிப்பள்ளம் என் கண்ணெதிரே நிரம்பியது. அக்காவும் அவர் வீட்டுக்காரரும் பாவைத் தூக்கி உத்தரத்தில் கட்டப் பாடுபட்டார்கள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன். முக்கால்வாசி நெய்த கல்யாணப் புடவை தறியில் இருந்தது.

வெளியே யாரோ கத்தினார்கள். "மூட்டைய ஒட்ச்சி விடுங்கப்பா! தண்ணி தானா எறங்கிடும்!"

அக்கா வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்தார். எனக்கு அப்போது என்ன ஆனது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பிடித்திருந்த பாவை அக்கா கையில் திணித்துவிட்டு அவருக்கு முன்னால் ஓடினேன். முட்டளவுத் தண்ணீரில் எப்படி ஓடினேனோ. மூட்டைகளின்மேல் ஏறி நின்றபோது எதிரே பத்துப் பன்னிரண்டு ஆண்கள். எல்லோரையும் எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுப் புடவைகளுக்கு நான்தான் குச்சு கட்டுகிறேன்.

"எறங்கும்மா. வழுக்கி வுழுந்துடப் போற" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

"கீழ எங்கப்பா படுத்துக்கினு இருக்காருண்ணா. எழுந்திருக்க முடியாது. ஒடச்சீங்கன்னா நான் போய்ச் சேர்றதுக்குள்ள தண்ணி போய்ச் சேர்ந்துடும்."

"எங்க வூட்டுல பாவு முங்கிக்கினு இருக்குது. அதுக்கு யாரு பதில் சொல்றது?"

"பழைய குழாப்பாலம் இருக்குதில்ல, மெயின்ரோட்டுக்கு அடில. அதுல அடச்சிக்கினு இருக்கற சேத்தையும் குப்பையையும் எடுத்தா தண்ணி அந்தப் பக்கம் போவும்."

"அதுல எறங்க இப்ப ஆள் எங்க கெடைக்கும்?" என்றார் இன்னொருவர். ஆள் என்று அவர் சொன்னது எங்கள் தெருவை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மழையில் நனைந்துகொண்டே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காலுக்குக் கீழே ஒரு மூட்டை மெல்ல நகர்வது உள்ளங்காலில் தெரிந்தது. அழுகை வந்தது. அழுதால் இறங்கச் சொல்லிச் சமாதானப்படுத்துவார்கள் என்று அடக்கிக்கொண்டேன்.

அப்போது அக்கா வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

"அக்கா, நீங்க கீழ வந்து பாருங்க. பார்த்துட்டு வந்து ஒடைக்கச் சொல்லுங்க. நான் எறங்கிடறேன்" என்றேன்.

அக்கா தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். "நான் வர்ற வரைக்கும் யாரும் கைய வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். சரிவில் இறங்கினோம். இத்தனை வருஷத்தில் அவர் எங்கள் தெருவுக்கு வருவது அதுதான் முதல் தடவை. "இவ்ளோ கிட்டக்கவா" என்றார், பாதி தனக்குள்ளேயே.

வீட்டுக்குள் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். பக்கத்து வீட்டுப் பெண்ணைக் காணோம். தன் பிள்ளைகளைப் பார்க்க ஓடியிருப்பாள், குற்றம் சொல்ல முடியாது. கட்டிலுக்குக் கீழே முதல் செங்கல் முங்கியிருந்தது. அப்பா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கால்மாட்டில், பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மேல் தெருப் புடவைகள் அத்தனையும் அடுக்கி இருந்தன. வீட்டில் அதைவிட உயரமான இடம் இல்லை. மழைக்காலம் முழுக்க அங்கேதான் வைப்பேன். நனையாமல் இருக்க அப்பா தன் நல்ல காலால் அந்த அடுக்கைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தார்.

அக்கா வாசற்படியிலேயே நின்றார். அப்பாவைப் பார்த்தார். புடவைகளைப் பார்த்தார். "யாரும்மா?" என்றார் அப்பா. "பொடவ குடுக்கற அக்கா" என்றேன். "வாங்கம்மா. உக்கார வைக்க எடமில்ல" என்றார் அப்பா.

அக்கா திரும்பி நடந்தார். நான் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டேன், தண்ணீரின் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு. அந்தக் காத்திருப்பைப் பற்றி எழுத முயன்று முயன்று அடித்துவிட்டேன். பயந்து செத்தேன், அவ்வளவுதான்.

சத்தம் வரவில்லை. அக்கா மேலே போய்ச் சொன்னதை என் கணவர் பின்னால் கேட்டு வந்து சொன்னார். "நம்ம தெருப் பொடவ அத்தினியும் அங்கதான் இருக்குது. ஒடச்சா நம்ம தலையிலதான் விடியும்." அவ்வளவுதான் சொன்னாராம். கடப்பாரைகள் குழாய்ப்பாலத்துக்குப் போயின. அக்கா வீட்டுக்காரர் முதலில் இறங்கினாராம். சவாரியிலிருந்து திரும்பிய என் கணவரும் எங்கள் தெரு ஆட்கள் சிலரும் பிறகு சேர்ந்துகொண்டார்கள். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் அந்தப் பக்கம் வடிய ஆரம்பித்தது.

அக்கா வீட்டில் பள்ளத்தின் சுவர் சரிந்தது. கல்யாணப் புடவையில் ஒரு முழம் நீளத்துக்குக் கறை. கார்த்திகை முழுக்க அந்தத் தறி ஓடவில்லை. அதை நான் லேசாகச் சொல்லிவிட்டுப் போகக் கூடாது.

ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. அப்பாவைப் பார்த்து நிறுத்தினாரா, புடவையைப் பார்த்து நிறுத்தினாரா? கட்டிலில் புடவை இல்லாமல் அப்பா மட்டும் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குச்சு முடிச்சுப் போடும்போதெல்லாம் இதே யோசனை. ஒரு நாள் அப்பாவிடமே கேட்டுவிட்டேன். "நம்மள நனையாம வெச்சாங்கல்ல, வுடு" என்றார். அவரால் விட முடிகிறது. என்னால் முடியவில்லை.

மார்கழியில் எங்கள் தெருவில் கூட்டம் நடந்தது. வேப்ப மரத்தடியில், விளக்கு வைத்த பிறகு, அடுத்த வீட்டிலிருந்து வயர் இழுத்து பல்பு போட்டு. பூக்காரப் பெண்கள் கூடையோடு வந்து உட்கார்ந்தார்கள். அப்பாவை நாற்காலியோடு தூக்கி வந்தோம். மேல் தெருவிலிருந்து அக்காவும் வீட்டுக்காரரும் இன்னும் நாலைந்து பேரும் வந்தார்கள். அதிகாரி பச்சைப் படத்தை மரத்தில் மாட்டினார். இந்த முறை எங்கள் ஆட்கள் எழுந்து எழுந்து போய் அவரவர் வீட்டை விரலால் காட்டினார்கள். படம் முழுக்க விரல் ரேகைகள் பதிந்தன.

கால்வாயை எங்கள் தெருவைத் தாண்டி, ஏரிக்குப் போகிற பழைய ஓடைவரை கொண்டுபோவது என்று முடிவானது. வேலை முடிய இன்னொரு மழைக்காலம் தாண்டிவிடும், மேல் தெருவும் அதுவரை பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றார் அதிகாரி. சலசலப்பு எழுந்தது. "எங்களுக்குச் சம்மதம். பொடவையெல்லாம் இங்கதானே இருக்குது" என்றார் அக்கா. மறுபடியும் புடவை! என் முகம் சிவந்தது. அப்பா அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரைக் காட்டி ஒரு வார்த்தை சொல்ல அந்த அக்காவுக்கு வாய் வரவில்லையே என்று வீட்டுக்கு வந்து புலம்பித் தீர்த்தேன்.

அடுத்த புரட்டாசியிலேயே வானம் கறுக்க ஆரம்பித்தது. கால்வாய் பாதிதான் நகர்ந்திருந்தது. புது அடைப்பு எங்கள் வரிசைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. கல்யாண சீசன் முடிந்து குச்சு வேலை மந்தமான நேரம். வீட்டில் ஒரு புடவை இல்லை. அப்பாவின் கால்மாடு காலியாக இருந்தது. இந்தத் தடவை அடைப்பை உடைக்க வந்தால் எதைக் காட்டி நிறுத்துவது என்று அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் தூறலில் அக்கா வந்து நின்றார். தானாக, சரிவிறங்கி. கையில் பிளாஸ்டிக் உறையில் ஒரு புடவை. பிரித்துப் பார்த்தேன். அரக்கில் பச்சைக் கரை. முந்தானையில் குச்சு ஏற்கெனவே கட்டியிருந்தது. என் கை முடிச்சுதான். போன வருஷம் கட்டியது.

"குச்சு கட்டியாச்சேக்கா இதுக்கு?"

"தெரியும்மா."

உள்ளே வந்து, அப்பாவின் கால்மாட்டில், சுவரோரமாக அதை அவரே வைத்தார்.

"மழ முடியற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். கட்டியாச்சுன்னு யாருக்கும் சொல்லாத" என்றார்.